றங்குதுறை

முக்கால் என்ற பின்னம். தலையில் சாய்கோடு வைத்த ஆங்கிலப் பெரிய ஏ. சில்லறைக் காசுக்குப் போடும் சென்ட் குறி. கடைசியில் சாய்கோடு வைத்த சின்ன யூ. இந்த நான்கும் இதே வரிசையில் நின்றால் என் கண் அதைத் 'தமிழ்' என்று படித்துவிடும். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன மாதம் தீபாவளிக்காகப் பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் வீட்டுக்குச் சாயம் அடிக்க அலமாரிகளை நகர்த்தினோம். பின்னால் ஒரு டேனிஷ் பிஸ்கட் டின். அம்மா ஊசி நூல் போட்டு வைத்திருந்த டின் என்று நினைத்துத் திறந்தால், உள்ளே ஏழு பிளாப்பி. ஒன்றின் மேல் என் கையெழுத்தில் 'கடைத்தெரு, ஜூன் 2000' என்று எழுதியிருந்தது. சாயம் அடிக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, பிளாப்பி படிக்கும் யூஎஸ்பி பெட்டி எங்கே கிடைக்கும் என்று தேடக் கிளம்பிவிட்டேன்.

'கடைத்தெரு' நான் முதன்முதலில் கட்டிய இணையப் பக்கம். லெபோ பாசார் என்று பலகையில் இருக்கும் தெருவுக்குப் பினாங்குத் தமிழர் வாயில் எப்போதும் கடைத்தெரு என்றுதான் பெயர். ஆங்கிலேயர் வாட்டர்ஃபால் என்றதை நாம் தண்ணீர்மலை என்கிறோம், தைப்பூசத்துக்குக் காவடி போவது அங்கேதான். சூலியா தெருவுக்கு ஆரம்பத்தில் மலபார் தெரு என்று பெயர். இப்படி ஊருக்குள் இன்னொரு ஊர் இருக்கிறது. பலகையில் எழுதாத ஊர். அதன் பெயர்களெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அவர் வெல்டு கீ கரையில் மூட்டை தூக்கியவர். தொங்காங் படகிலிருந்து கிட்டங்கிக்கு அரிசியும் கொப்பரையும் சுமந்த தோள். 1969-ல் பினாங்கின் வரியில்லாத் துறைமுகத் தகுதி போனதும் வேலை மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு கோவில் மடப்பள்ளி, கடைக் காவல் என்று எது கிடைத்ததோ அதைச் செய்தார்.

1998-ல் நான் லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். குயின் தெரு மாரியம்மன் கோவில் மணி அடித்தால் எங்கள் மேசைக்குக் கேட்கும். கல்யாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாள் அட்டை, எல்லாம் பேஜ்மேக்கரில் செய்வோம். அப்பா மத்தியானம் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து புரூப் பார்ப்பார். தோட்டப் பள்ளியில் நாலாவது வரைதான் படித்தவர். ஆனால் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் விரலை வைத்துவிடுவார்.

வீட்டில் 33.6 வேக மோடம். 1515-க்கு அழைத்தால் கீச்சென்று கத்தி, சில நேரம் ஒட்டும், சில நேரம் ஒட்டாது. அப்போது ஜியோசிட்டிஸில் இலவசமாக இடம் கொடுத்தார்கள். அதில் பேட்டை பேட்டையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். படிப்பு, இலக்கியம் என்றால் ஏதென்ஸ், சினிமா என்றால் ஹாலிவுட், கணினி என்றால் சிலிக்கான் வேலி. ஒவ்வொருவருக்கும் வீட்டு எண் உண்டு. நான் ஏதென்ஸில் ஓர் எண் பிடித்தேன். தெருப்பெயர்களைப் பற்றிய பக்கத்துக்கு வீட்டு எண்ணோடு முகவரி கிடைத்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவிடம் சொன்னேன். "வாடகை எவ்வளவு?" என்றார். இலவசம் என்றதும், "அப்ப எந்நேரமும் காலி பண்ணச் சொல்வான், ஒரு நகல் வச்சுக்க" என்றார். பிளாப்பியில் எடுத்து வைக்கத் தொடங்கியது அந்தச் சொல்லால்தான்.

சரி, இடம் கிடைத்தது. தமிழ் எப்படிக் கொண்டுபோவது?

முதலில் படமாகப் போட்டேன். பேஜ்மேக்கரில் கோத்து, திரையைப் படம்பிடித்து, ஜிஃப் ஆக்கி ஒட்டுவது. ஒரு பக்கம் அறுபது கேபி வரும். மோடம் நொடிக்கு மூன்று, நான்கு கேபி இழுத்தால் பெரிது, ஆக ஒரு பக்கம் தெரிய இருபது நொடி. அதையே எழுத்தாகக் கொடுத்தால் நாலு கேபியில் முடிந்துவிடும். ஒரு பிழை திருத்த வேண்டுமென்றால் மறுபடி கோத்து, மறுபடி படம்பிடித்து, மறுபடி ஏற்ற வேண்டும். அப்பா பிழை பார்க்கிறவர் என்றால் எத்தனை தடவை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் எழுத்தாகவே போட்டுவிட்டு, 'இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று மேலே ஒரு சுட்டி வைத்தேன். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒரு வேடம்தான். கணினிக்கு 256 இடம் தெரியும். முதல் 128-ல் ஆங்கிலம். மீதி 128-ல் ஐரோப்பிய மொழிகளின் கோடு போட்ட எழுத்துகள், பின்னங்கள், நாணயக் குறிகள். அந்த மேல் பாதியைத் துடைத்துவிட்டுத் தமிழ் வடிவங்களை உட்கார வைப்பார்கள். 247 எழுத்தும் அதில் அடங்காது. அதனால் கொம்பு தனி, கால் தனி, உயிர்மெய்யில் உகர வரிசை தனி என்று துண்டு போட்டு வைப்பார்கள். எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பது எழுத்துரு செய்தவர் இஷ்டம். ஒருவருக்கு 'க' இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு 'ளு' இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து, பின்னமும் நாணயமும் வெளியே வந்து நிற்கும். கொம்தாரில் மணிக்கு மூன்று வெள்ளி கொடுத்துச் சைபர் கபேயில் உட்கார்ந்த நண்பன் போன் போட்டு, "உன் பக்கம் கெட்டுப்போச்சு" என்றான். கடைக்காரர் எழுத்துரு ஏற்ற விடமாட்டார். அப்படியானால் என் பக்கத்தை யார்தான் படிப்பது?

டிஸ்கி வந்தது அந்த நேரத்தில். ஊர் ஊராக ஓர் ஒழுங்கு இருந்தால் உலகத் தமிழர் ஒருவர் எழுதியதை ஒருவர் எப்படிப் படிப்பது என்ற கவலையில், பல நாட்டில் இருந்தவர்கள் கூடி வகுத்த இட ஒதுக்கீடு அது. கோலாலம்பூர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலை எல்லோரும் அறிவார்கள். ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் தமிழ் வரும். சுவிட்சர்லாந்தில் லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழைய இலக்கியத்தை மின்னூலாக்கிக்கொண்டிருந்தார். 1999 பிப்ரவரி சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு ஒழுங்குகளை ஏற்றதும் உண்டு, ஆக ஒரே ஒழுங்கு என்ற கனவு முழுதாகப் பலிக்கவில்லை. இருந்தாலும் நான் டிஸ்கி பக்கம் போனேன். மதுரைத் திட்டத்து நூல்கள் எந்த எழுத்தில் திறக்கின்றனவோ அதே எழுத்தில் என் பக்கமும் திறக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

நாற்பத்தொரு கோப்பையும் நோட்பேடில் திறந்து மறுபடி தட்டினேன். தலைப்பகுதியில் எழுத்துத் தொகுதி 'பயனர் வகுத்தது' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். படிப்பவரும் உலாவியில் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று விளக்க மறுபடி ஒரு ஜிஃப் படம் வரைந்து முகப்பில் வைத்தேன். தமிழ் தெரிவதற்கு வழி சொல்லும் தமிழைப் படமாகத்தான் காட்ட முடிந்தது.

இனி நான் சொல்ல வந்தது.

2000 ஜூனில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அச்சகத்துப் புதுக் கணினியில் அப்பாவை உட்கார வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை ஓட்டிப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"என்னடா இது, றங்குதுறைன்னு போட்டிருக்க?"

பார்த்தேன். இறங்குதுறை என்றுதான் தட்டியிருந்தேன். திரையில் 'றங்குதுறை'. அடுத்த வரியில் 'ரும்பு'. அதற்கும் கீழே 'ருபது பேர் ங்கே வேலை செய்தோம்'. பக்கம் முழுக்க 'இ' இல்லை. 'ஈ' இருக்கிறது, 'அ' இருக்கிறது, இகரத்துக்கான வளைவு கூட ஒழுங்காக இருக்கிறது. சொல்லின் முதலில் வரும் இகரம் மட்டும் சுரண்டி எடுத்ததுபோல் காணாமல் போயிருந்தது. என் வீட்டுக் கணினியில் அது இருந்தது. அதனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்து ஒவ்வோர் எண்ணாக எழுதினேன். இறங்குதுறை என்றால் 173, 200, 237, 204, 208, 168, 200. ஏழு எண். இ, ற, ங், கு, து, பிறகு ஐகாரத்தின் முன்குறி, பிறகு ற. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 'இ' தொலையவில்லை, 173 என்ற தன் இடத்தில் உட்கார்ந்தே இருந்தது. ஆனால் ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் 173 ஓர் எழுத்தே அல்ல. நீளமான சொல்லை வரிக்கடைசியில் உடைக்க வேண்டி வந்தால் இங்கே உடைக்கலாம் என்று சொல்லும் மென்கோடு. உடைக்கத் தேவை இல்லாதபோது அது கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. புதிய உலாவி விதியைச் சரியாகக் கடைப்பிடித்தது. பழையது அவ்வளவு கறார் இல்லை, அதனால் வீட்டில் தெரிந்தது. தமிழின் மூன்றாம் எழுத்து, யாரோ ஐரோப்பாவில் கோடு வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இது எனக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. டிஸ்கியின் 1.7 பதிப்பில் 'இ'-க்கு 254 என்ற இடத்தையும் கொடுத்தார்கள். நாற்பத்தொரு கோப்பிலும் 173-ஐ 254 ஆக்கினேன். அடுத்த வாரம் அப்பா சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, அதே வரியில் விரலை வைத்து, "ஆங், இப்ப இறங்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துருவைப் பக்கத்தோடே அனுப்பும் வித்தை வந்தது. எக்ஸ்ப்ளோரர் உலாவிக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப் உலாவிக்கு வேறு வகை. நான் எக்ஸ்ப்ளோரர் வகையைப் பிடித்தேன். முதல் தடவையாக யாரும் எதையும் இறக்காமல், எதையும் தேர்ந்தெடுக்காமல் தமிழ் தானாக வந்து நின்றது. கொம்தார் நண்பன் மறுபடி போன் போட்டுக் கத்தினான். ஆனால் அந்த எழுத்துருக் கோப்புக்குள் எந்த முகவரியில் வேலை செய்ய வேண்டும் என்று எழுதிப் பூட்டியிருப்பார்கள். பக்கத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் பூட்டு திறக்காது, பின்னமும் நாணயமும் திரும்பி வந்துவிடும். 2002-ல் நான் காசு கொடுத்து ஒரு சின்ன நிறுவனத்தின் வழங்கிக்குக் குடிபோனபோது இதை அனுபவித்தேன், பூட்டை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அடுத்த வருடம் அந்த நிறுவனம் ஒரு கடிதம்கூட இல்லாமல் மூடிவிட்டது. வருகையாளர் ஏட்டில் ஈப்போ, கிள்ளான், டொரோண்டோ என்று எங்கெங்கிருந்தோ எழுதியிருந்தார்கள். தங்கள் பாட்டன் வாயிலிருந்து கேட்ட தெருப்பெயர்களைச் சேர்த்திருந்தார்கள். அதெல்லாம் வழங்கியிலேயே இருந்தது, என் பிளாப்பியில் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. அந்தப் பெயர்களை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

2004-ல் பிளாக்கருக்கு வந்தேன். யூனிகோடு, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்த உலகப் பொது ஒழுங்கு. விண்டோஸ் எக்ஸ்பியில் சிடியைப் போட்டு, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் ஒரு டிக் அடித்தால் லதா எழுத்துருவில் தமிழ் வரும். இ-கலப்பையில் தட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் பதிவு போய்விடும். பக்கத்தைத் தாங்கும் அட்டவணை வேண்டாம், ஒரு புள்ளி அகலத்துக் கண்ணாடிப் படத்தை நீட்டி இடைவெளி வைக்க வேண்டாம். அதே வருடம் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். காலையில் அதைத் திறந்தால் உலகத்தில் யார் யார் தமிழில் என்ன எழுதினார்கள் என்று தெரியும். இத்தனை லகுவாக இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. 'இறங்குதுறை' டிஸ்கியில் ஏழு பைட், யூனிகோடில் முப்பது பைட். யாரும் கவலைப்படவில்லை, அதற்குள் அகலப்பட்டை வந்துவிட்டது.

அந்தச் சுகத்தில் பழையதை மறந்தோம். நானும்தான். புதிய பதிவுகள் எழுதினேனே தவிர நாற்பத்தொரு கோப்பையும் மாற்றி ஏற்றவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். 2009 அக்டோபர் 26-ல் ஜியோசிட்டிஸ் மூடியது. முன்கூட்டியே அறிவித்துத்தான் மூடினார்கள். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் ராப்பகலாக முடிந்தவரை பிரதி எடுத்து வைத்தது. இணைய ஆவணகத்திலும் பல பக்கங்கள் இருக்கின்றன. என் ஏதென்ஸ் வீட்டின் முகப்பு அங்கே இன்னமும் திறக்கிறது, படங்கள் மட்டும் இல்லை.

ஆனால் இருந்து என்ன? அதைத் தேடி எடுக்க முடியாது. தேடுபொறியில் போய் 'தமிழ்' என்று தட்டினால், முக்கால்-ஏ-சென்ட்-யூ வராது. இயந்திரத்தின் கணக்கில் அது தமிழே இல்லை. எந்த மொழியுமே இல்லை, வெறும் குப்பை. 1996 முதல் 2004 வரை, எழுத்துக்கு எழுத்து மல்லுக்கட்டி நம்மவர்கள் ஏற்றிய கதை, கவிதை, கோவில் வரலாறு, தோட்டத்து நினைவு எல்லாம் இந்தக் குப்பைக்குள் இருக்கிறது. இறக்கிக்கொள்ள வைத்திருந்த எழுத்துருவும் சேர்ந்து தொலைந்திருந்தால், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதே தெரியாது. டிஸ்கிக்கு அட்டவணை இருக்கிறது, பிழைத்தது. அச்சகங்களில் நாங்கள் வாங்கிப் பயன்படுத்திய ஒவ்வோர் எழுத்துருவுக்கும் அட்டவணை வைத்திருப்பவர் யார்? உங்கள் வீட்டில் பழைய பிளாப்பியோ சிடியோ இருந்தால், கோப்பை மட்டும் எடுக்காதீர்கள், எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து மாற்றித் தருகிறேன். இதை மனதாரச் சொல்கிறேன்.

ஏழு பிளாப்பியில் மூன்று திறந்தன. மற்ற நான்கில் பூஞ்சை. திறந்த மூன்றில் பதினெட்டுக் கோப்பு. மகளுக்குக் கணினிப் படிப்பு. பைத்தானில் அரை நாளில் ஒரு மாற்றி எழுதினாள். சும்மா எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. டிஸ்கியில் 'றை' என்பது முதலில் ஐகாரக் குறி, பிறகு ற, கையால் எழுதும் வரிசையில். யூனிகோடில் முதலில் ற, பிறகு குறி, ஒலிக்கும் வரிசையில். 'கொ'வில் கொம்பும் காலும் இரண்டு பக்கம் நிற்பதைப் பிடித்து ஒன்றாக்க வேண்டும். அதையெல்லாம் அவள் அழகாகச் செய்துவிட்டாள். முதல் கோப்பை ஓட்டியதும் திரையில் தமிழ் வந்தது. பிறகு சிவப்பில் ஒரு வரி.

"அப்பா, அறுபத்தோரு இடத்துல 173-ன்னு வருது. அது மென்கோடு, எழுத்து இல்ல. தூக்கிடட்டுமா?"

பிளாப்பியின் தேதியைப் பார்த்தேன். ஜூன் 2000. அப்பா விரல் வைப்பதற்கு முந்தைய நகல்.

"தூக்காதம்மா. அது 'இ'."

அவள் ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினாள். அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டியது, அவர் பேச்சிலேயே வந்தது: 'இறங்குதுறை. வெல்டு கீ கரையில. எங்க அப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்து இங்கதான் இறங்கினார். இறங்கினதும் யாரோ ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாங்களாம். பேரு கேட்டு வச்சுக்கலையேன்னு சாகும்வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார்.'